எட்டரை என்றால் எதற்கு எட்டரை? தமிழில் கேம் விமர்சனம் எழுதும் பெங்களூர் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழுவினருக்கு,

இந்த மாதத்திலிருந்து எல்லா வகை வீடியோ கேம்களுக்கும் ஒரே மதிப்பெண் அட்டவணை என்று அறிவித்திருக்கிறீர்கள். கிராபிக்ஸ், கதை, இசை, கேம்ப்ளே, எத்தனை மணி நேரம் ஓடும் என ஐந்து தலைப்புகள். தலைப்புக்குப் பத்து. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் வருவது இறுதி மதிப்பெண். கேம் வெளியாகும் அன்றே விமர்சனம் வந்துவிடும், எந்தக் கருவியில் ஆடிப் பார்த்தது என்பதைத் தனியே சொல்லப் போவதில்லை, ஒருமுறை போட்ட மதிப்பெண்ணைப் பிறகு தொடப் போவதுமில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். வாசகர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது என்பது நீங்கள் தந்த காரணம்.

அந்த வாசகர்கள் நாங்கள்தான். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறைகளாக இருப்பவர்களும், வேலைக்கு வந்து எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் பி.ஜி. அறைகளில் தங்கியிருப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு பெரிய கேமின் விலை இன்று நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய். எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கைமாறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டு மெஷின் கட்டியவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அவர் தமிழில் ஒரு விமர்சனம் தேடினால் முதலில் கண்ணில் படுவது உங்கள் பக்கம். அதில் முதலில் கண்ணில் படுவது அந்த ஒற்றை எண். ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

வாங்கிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பிசி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்ப வரும். பிளேஸ்டேஷன் கடையில் தரவிறக்கத்தைத் தொடங்கிவிட்டாலே, கேம் பழுதாக இருந்தாலொழிய, அந்த வாய்ப்பு போய்விடும். ஸ்டீமின் 2 மணி நேரமும் முழுதாகக் கையில் கிடைப்பதில்லை. 2023 மார்ச் 28 அன்று 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிசிக்கு வந்தபோது, முதன்முறை திறந்ததும் ஷேடர்களை, அதாவது திரையில் ஒளியையும் நிறத்தையும் வரையும் சிறு நிரல்களை, தயார்செய்யும் வேலையே பல மெஷின்களில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. மெனு திரையில் காத்திருக்கும் அந்த நேரமும் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறும். இப்படிப்பட்ட நிலையில், வாங்குவதற்கு முன் எங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு விமர்சனம்தான்.

உங்கள் அட்டவணையை அப்படியே போட்டுப் பார்ப்போம். ஒரு சண்டை கேம்: கிராபிக்ஸ் 9, இசை 9, கதை 8, நேரம் 8. ஆனால் ஆன்லைனில் எதிராளியோடு இணைந்தால் அடிகள் தாமதமாகவே விழுகின்றன, அதனால் கேம்ப்ளேக்கு 4. கூட்டினால் 38, வகுத்தால் 7.6. அடுத்து ஒரு புதிர் கேம்: கேம்ப்ளே 10, நேரம் 8, இசை 7, எளிய கோட்டுச் சித்திரம் என்பதால் கிராபிக்ஸ் 5, கதையே இல்லாததால் 2. கூட்டினால் 32, வகுத்தால் 6.4. எதற்காக வாங்குகிறோமோ அதைச் செய்யவே முடியாத கேம் மேலே நிற்கிறது. தன் வேலையைக் குறையின்றிச் செய்யும் கேம் கீழே போகிறது. மதிப்பெண் போடுபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த அட்டவணை இதைத்தான் செய்யும்.

'பாபா இஸ் யூ' 2019இல் வந்தது. விதிகளையே சொற்களாகத் தள்ளி நகர்த்தி மாற்றும் புதிர். அதன் படங்கள் குழந்தை வரைந்ததுபோல இருக்கும். இருக்கவும் வேண்டும், ஏனென்றால் எந்தச் சொல் எந்தப் பொருளோடு சேர்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். 2018இன் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' முழுக்க இரண்டே நிறத்தில் வரையப்பட்டது. 2024இன் 'பலாட்ரோ'வில் கதை என்று ஒன்றும் கிடையாது, சீட்டும் பெருக்கலும்தான். இந்த மூன்றையும் உங்கள் ஐந்து கட்டங்களில் அடைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

'எத்தனை மணி நேரம் ஓடும்' என்ற தலைப்பு எங்களை மிகவும் வருத்துகிறது. காரணம் 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி, டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட கேம். கிழிந்தும் கறைபட்டும் போன அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது இதற்குக் கிடைத்தது. தமிழ் வீட்டின் அடுப்பங்கரையை உலகம் முழுவதும் கொண்டுபோன ஒரு கேமுக்கு, தமிழில் எழுதும் ஒரு தளத்தின் அட்டவணை நேரத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் என்றால், அந்த அட்டவணையை எங்களால் ஏற்க முடியாது. ஒன்றரை மணி நேரக் கேமுக்குத் தரும் விலை தகுமா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி, பதிலை ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். நூறு மணி நேரம் இழுத்தடிக்கும் கேம் தன்னால் உயர்ந்ததாகிவிடாது.

வகைக்கு வகை எதைப் பார்க்க வேண்டும் என்பது வேறு. தினமும் அந்த வகையை ஆடுபவர்களுக்கு அது தெரியும். சண்டை கேம்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் அதிகம் தவறிப்போகும் வகை அதுதான்.

சண்டை கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட். டெக்கன் என்ற சண்டை கேம் தொடரில் வேகமான குத்து 10 ஃபிரேமில் வெளிவரும். எதிராளியின் அடியைத் தடுத்துவிட்டுத் திருப்பியடிக்கக் கிடைக்கும் இடைவெளி சில ஃபிரேம்கள் மட்டுமே. இந்த நிலையில் நெட்வொர்க் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே பாதி கேம். பழைய முறையில், எதிராளியின் பட்டன் தகவல் வந்து சேரும்வரை நம் பட்டனையும் கேம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், ஏறினால் கை கனத்துவிடும். ரோல்பேக் முறையில், எதிராளி சற்றுமுன் செய்ததையே தொடர்கிறார் என்று ஊகித்துக் காட்சியை ஓட்டிவிட்டு, ஊகம் தவறினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். 2023 ஜூனில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ரோல்பேக் முறையில் இயங்குவது. அதன் பயிற்சி அறையில் ஒவ்வோர் அடியின் ஃபிரேம்களையும் பட்டையாகவே காட்டும் வசதி உண்டு. பெங்களூரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: டெல்லியில் இருப்பவரோடும் சிங்கப்பூரில் இருப்பவரோடும் ஆடினால் பிங் எவ்வளவு, எதிராளி திடீரென்று இடம் மாறித் தெரிவது எத்தனை முறை, பி.ஜி. வைஃபையில் ஆடினால் என்ன ஆகிறது, கேபிள் போட்டால் எவ்வளவு மாறுகிறது, இரவு பதினொரு மணிக்குத் தரவரிசை ஆட்டத்துக்கு ஆள் கிடைக்க எத்தனை நிமிடம் ஆகிறது. இவற்றை வெளியீட்டுக்கு முன்பு ஆளில்லாத சர்வரில் சோதிக்க வழியே கிடையாது. ஆனாலும் முதல் நாளே ஆன்லைனையும் சேர்த்து மதிப்பெண் போடப் போவதாகச் சொல்கிறீர்கள்.

வியூக கேம்களில் பிரச்சினை கடைசி மணி நேரங்களில் தெரியும். நாமும் எதிரிகளும் மாறிமாறி ஆடும் இவற்றில், முதல் ஐம்பது முறை பட்டனை அழுத்தும்போது கணினி எதிரிகள் தங்கள் முறையைச் சில நொடிகளில் முடித்துவிடும். இருநூறைத் தாண்டி நகரங்களும் படைகளும் பெருகும்போது, ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது? கைக்கடிகாரம் போதும் இதை அளக்க. கடினம் கூடும்போது எதிரி உண்மையிலேயே நன்றாக யோசிக்கிறானா, கூடுதல் வசதிகள் மட்டும் பெறுகிறானா என்பதையும் எழுத வேண்டும். 'சிவிலைசேஷன் 6'இன் மிக உயர்ந்த கடின நிலையில் எதிரிகள் தொடக்கத்திலேயே புதிய நகரம் அமைக்கும் மூன்று செட்லர்களோடு இறங்குவார்கள். யோசிக்கும் விதம் பெரிதாக மாறாது. பிரச்சாரப் படங்களில் இது வராது. விமர்சகர் சொன்னால்தான் உண்டு.

ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் வளரும் நீண்ட ஆர்.பி.ஜி. கேம்களில் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற வழக்கம் செல்லாது. 2023 ஆகஸ்ட் 3 அன்று பிசிக்கு வந்த 'பால்டர்ஸ் கேட் 3' முதல் இரண்டு பகுதிகளில் ஓடிய வேகத்தில், ஜனநெருக்கம் மிகுந்த நகரம் வரும் மூன்றாம் பகுதியில் ஓடவில்லை. அங்கே சுமை பிராசஸர்மீது விழுகிறது. கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்தாலும் பெரிய பலன் இல்லை. பிரதிகள் விமர்சகர்களுக்குச் சில நாள் முன்புதான் கிடைத்தன. பல இடங்களில் விமர்சனம் தொடர்கிறது என்று குறிப்பிட்டு, மதிப்பெண் போடாமலே முதல் கட்டுரையை வெளியிட்டார்கள். அப்படிக் காத்திருந்ததால் யாருடைய பெயரும் கெடவில்லை. அந்தக் கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஹாஸ்டல் இணைப்பில் தரவிறக்குபவருக்கு அதுவும் ஒரு செலவு.

தோற்றால் முதலிலிருந்தே தொடங்க வேண்டிய ரோக்லைக் வகையில் ஒரு முறை முழுதாக ஆடி முடிக்க எவ்வளவு நேரம், நடுவில் நிறுத்தி வைக்க முடியுமா என்பது மிக முக்கியம். 2021 ஏப்ரல் 30 அன்று பி.எஸ்.5க்கு வந்த 'ரிட்டர்னல்' கேமில் ஓர் ஆட்டம் பல மணி நேரம் நீளும். நடுவில் சேமிக்கும் வழி வெளியீட்டின்போது இல்லை. அந்த வசதி அக்டோபரில் வந்த அப்டேட்டில்தான் சேர்ந்தது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் மின்வெட்டு வந்தால் மூன்று மணி நேர உழைப்பு போய்விடும். பெங்களூரில் இருந்துகொண்டு எழுதும் விமர்சகர் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டிய செய்தி அது. இதேபோல எந்தக் கேமாக இருந்தாலும் நினைத்த இடத்தில் சேமிக்கலாமா, செக்பாயிண்ட் மட்டுமா, தனியாளாக ஆடவும் இணைப்பு வேண்டுமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

ரேசிங்கில் ஸ்டீயரிங் வீல் வைத்திருப்பவர் மிகக் குறைவு. கன்ட்ரோலரில் எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். இசைத் தாள கேம்களில் புளூடூத் ஹெட்போன் ஒலியைத் தாமதப்படுத்தும், ஆகவே தாமதத்தைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் விளையாட்டுத் தொடர்களில் போன வருடப் பிரதி கையில் இருப்பவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்விக்குப் பதில் போதும்.

மொபைல் கேம்களைப் பற்றிய உங்கள் விமர்சனங்களில் இரண்டு விஷயங்கள் எப்போதும் விடுபடுகின்றன. முதலாவது சூடு. பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போன்ற ஒரு கேமை முதல் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு 60 ஃபிரேம் வருகிறது என்று எழுதிவிடுகிறீர்கள். போன் சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏப்ரல் மாதம், ஏ.சி. இல்லாத அறையில், உறை போட்ட போனில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஆடி, ஐந்தாவது நிமிடத்திலும் நாற்பதாவது நிமிடத்திலும் ஃபிரேம் எண்ணிக்கையையும் பேட்டரி சதவீதத்தையும் குறித்தால் எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். எந்த போன், எத்தனை ஜிபி ராம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது காச்சா, அதாவது குலுக்கல்போல இழுத்துப் பாத்திரங்களைப் பெறும் முறை. இலவசம் என்ற சொல்லோடு அந்தக் கேம்களின் விலைப் பகுதியை முடித்துவிடுகிறீர்கள். 'கென்ஷின் இம்பேக்ட்' போன்றதில் கணக்கு கேமுக்குள்ளேயே எழுதியிருக்கிறது: ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90ஆவது முறைக்குள் கட்டாயம் ஒன்று கிடைக்கும், ஆனால் முதலில் கிடைப்பது நாம் விரும்பியதாக இல்லாமல் போகலாம். மோசமான நிலையில் விரும்பிய பாத்திரத்துக்கு 180 முறை இழுக்க வேண்டும். ஒரு முறைக்கு, கேமுக்குள் செலவழிக்கும் பிரிமோஜெம் 160 என்றால் 28,800. அதை அன்றைய இந்திய விலையில் ரூபாயாக மாற்றி எழுதுங்கள். பணம் போடாமல் தினமும் ஆடினால் ஒரு மாதத்தில் எவ்வளவு சேரும் என்பதையும் பக்கத்தில் வையுங்கள். பதினாறு வயதுப் பையனின் பெற்றோரும் உங்கள் விமர்சனத்தைப் படிக்கிறார்கள்.

இனி கருவி. எதில் ஆடிப் பார்த்தது என்று சொல்லாத மதிப்பெண்ணுக்கு என்ன விலை என்பதை 2020 டிசம்பரில் உலகமே பார்த்தது. டிசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077'க்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட விமர்சனப் பிரதிகள் பிசிக்கானவை. விமர்சகர்கள் தாங்கள் பதிவுசெய்த காட்சிகளை அப்போது காட்டவும் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த முடிந்தது. அந்தப் பெரிய மதிப்பெண்களை நம்பி பி.எஸ்.4இல் வாங்கியவர்கள் கையில் கிடைத்தது வேறு பொருள். டிசம்பர் 18 அன்று சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூன் 21 அன்றுதான் மறுபடி வைத்தது. பல இதழ்களின் மதிப்பெண்களைத் தொகுத்துத் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இன்றும் அதன் பிசி மதிப்பெண் 86, பி.எஸ்.4 மதிப்பெண் 57. ஒரே பெயர், ஒரே கதை, ஒரே இசை. உங்கள் புதிய அட்டவணையில் இந்த இரண்டு எண்களில் எது வந்திருக்கும்?

தலைகீழாகவும் நடக்கும். 'பேட்மேன்: ஆர்கம் நைட்' 2015 ஜூனில் கன்சோலில் நன்றாகவே ஓடியது. பிசி பிரதி அவ்வளவு மோசமாக இருந்ததால் ஓரிரு நாளில் விற்பனையையே நிறுத்தினார்கள்; அக்டோபரில்தான் திரும்ப வந்தது. 2022 பிப்ரவரியில் எல்லோரும் கொண்டாடிய 'எல்டன் ரிங்' பிசியில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது, இடையிடையே திக்கவும் செய்தது. கேம் அற்புதமானது என்பதும், திக்கியது என்பதும் இரண்டுமே உண்மை. இரண்டையும் எழுத வேண்டும்.

இந்தத் திக்கலை உங்கள் சோதனைகள் ஏன் பிடிப்பதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் படம் வரையும் முறையான டைரக்ட்எக்ஸ் 12இல் ஓடும் கேம்களில் ஒரு வெடிப்போ புதிய மாயமோ முதன்முதலாகத் திரையில் வரும்போது அதற்கான ஷேடரை அந்த நொடியில் தயார்செய்ய நேர்ந்தால் படம் நின்று நகரும். தயாரானது கணினியில் சேமிக்கப்பட்டுவிடும். அதே இடத்தை இரண்டாம் முறை ஆடினால் வெண்ணெய்போல ஓடும். நீங்கள் கேமை முடித்துவிட்டுப் பிறகு காணொளிக்காக அதே காட்சியைப் பதிவுசெய்து, அந்த அளவீட்டை வெளியிடுகிறீர்கள். வாங்குபவர் பார்க்கப்போவது முதல் முறையை. ஆகவே சேமிப்பை அழித்துவிட்டு அளக்க வேண்டும். என்விடியா கார்டாக இருந்தால் டிஎக்ஸ்கேஷ் என்ற ஃபோல்டரைக் காலிசெய்து, கணினியை மறுபடி இயக்கி, புதிதாகக் கேமைத் தொடங்கினால் போதும்.

சராசரி ஃபிரேம் மட்டும் சொல்வதும் ஏமாற்றும். 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். சராசரி 90 என்று காட்டும் கேமில் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு படம் 100 மில்லிசெகண்ட் நின்றால் சராசரி அசையாது, கண்ணும் கையும் உடனே உணரும். மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் அளவையும் சேர்த்துத் தாருங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ், எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் இரண்டும் இலவசம். பத்து நிமிடப் பதிவு, கூட்டம் மிகுந்த ஒரு காட்சியில், போதுமானது. உங்கள் ஸ்டுடியோவின் உயர்ரக கார்டோடு 4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 போன்ற ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள். எங்களில் பலரிடம் இருப்பது அதுதான். அதில் டெக்ஸ்சர் அளவை எதுவரை ஏற்றலாம், எங்கே நினைவகம் நிரம்பித் திக்கத் தொடங்குகிறது என்று எழுதினால், அந்த ஒரு பத்தி மதிப்பெண்ணைவிட எங்களுக்குப் பயன்படும்.

மதிப்பெண்ணைப் பிறகு தொடமாட்டோம் என்ற உங்கள் முடிவுக்கு வருகிறோம். மெட்டாகிரிட்டிக் ஓர் இதழின் முதல் மதிப்பெண்ணை மட்டுமே ஏற்கும், திருத்தத்தை ஏற்காது. அது அவர்கள் விதி. உங்கள் பக்கத்தில் உங்கள் விதி. 2019 ஜூன் 21 அன்று 'க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃப்யூவல்ட்' வெளியானபோது கேமுக்குள் செலவழிக்கும் காசை உண்மைப் பணத்துக்கு விற்கும் கடை அதில் இல்லை. விமர்சனங்கள் வந்து முடிந்தபின் ஆகஸ்டில் வந்தது. 2024 ஜனவரி 26 அன்று வந்த 'டெக்கன் 8'இல் கடை அடுத்த மாதம் திறந்தது. 'கிரான் டூரிஸ்மோ 7' 2022 மார்ச் தொடக்கத்தில் வெளியானது. அதே மாதம் ஓர் அப்டேட்டில் பந்தயப் பரிசுகளைக் குறைத்தார்கள், சர்வர்கள் முப்பது மணி நேரத்துக்கும் மேலாக முடங்கின, தனியாளாக ஆடும் பகுதியில் பெரும்பாலானவையும் அதோடு நின்றன. மூன்றிலும் விமர்சகர் பார்த்த கேமும் ஒன்றிரண்டு மாதம் கழித்து வாங்கியவர் பெற்ற கேமும் ஒன்றல்ல.

மேல்நோக்கியும் மாறும். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016 ஆகஸ்டில் வந்தபோது வாங்கிய வசவையும், அப்டேட்டுகளால் தேறி இன்று அது நிற்கும் இடத்தையும் எல்லோரும் அறிவோம். 'சைபர்பங்க்' 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அடிப்படையிலேயே வேறு கேம். பழைய குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஒருவர் அதை இன்று ஒதுக்கினால் அதுவும் உங்கள் பக்கத்தால் வரும் நஷ்டம். 2013இல் 'சிம்சிட்டி' சர்வர் கோளாறோடு வெளியானபோது பாலிகான் தளம் முதலில் போட்ட 9.5ஐ 8 ஆக்கியது, பிறகு 4 ஆக்கியது, நிலைமை தேறியபின் 6.5 ஆக்கியது. பலர் அதைத் தடுமாற்றம் என்றார்கள். அந்தந்த வாரம் பணம் கொடுக்கப் போனவருக்கு அந்தந்த எண் உண்மையைச் சொன்னது என்பது எங்கள் கருத்து.

எண்ணுக்கு என்ன பொருள் என்று நீங்கள் எங்கும் எழுதி வைத்ததில்லை. உங்கள் பழைய பட்டியலைப் பார்த்தால் 7க்குக் கீழே ஏறத்தாழ எதுவுமே இல்லை. அப்படியானால் 7 என்பது சுமாரா, தவிர்க்க வேண்டியதா? மெட்டாகிரிட்டிக்கில் படத்துக்கு 61 வந்தாலே பச்சை நிறம். கேமுக்கு 75 வேண்டும். கேம் விமர்சனம் முழுவதுமே அளவுகோலின் மேல் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிரிட்டனின் எட்ஜ் இதழ் 5 என்றால் சராசரி என்று வைத்துக்கொண்டு அதற்கேற்பவே மதிப்பெண் போட்டது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு பேர் தனித்தனியே பத்துக்குப் போடுவார்கள், மொத்தம் 40. யார் எங்கே மாறுபட்டார் என்பது வாசகருக்குத் தெரியும். ராக் பேப்பர் ஷாட்கன் போன்ற தளங்கள் எண்ணே போடாமல் எழுதுகின்றன. எண் வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. போடும் எண்ணுக்குப் பொருள் இருக்க வேண்டும். 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது, 84 வந்தது, போனஸ் கிடைக்கவில்லை என்று அதில் பணியாற்றிய கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியே சொன்னார். ஒரு புள்ளி யாரோ ஒருவரின் சம்பளமாகவும் இருக்கலாம்.

இலவசமாக வந்த பிரதியா, காசு கொடுத்து வாங்கியதா என்பதையும் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், இலவசமாகப் பெற்ற பொருளும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புதான் என்று இருக்கிறது. காணொளி விளக்கத்தின் கடைசி வரியில் புதைத்தால் அது வெளிப்படுத்தியதாகாது.

தமிழ் வாசகருக்கு மட்டுமே தேவையான ஒன்று, எந்த ஆங்கில இதழும் சொல்லாதது: ஒரு கேமில் எவ்வளவு ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கிறது? 'டிஸ்கோ எலிசியம்' பத்து லட்சம் சொற்களுக்கு மேல் கொண்டது. படித்தால்தான் கேமே நகரும். தமிழ்வழியில் படித்த ஒருவர் அதைத் தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். சப்டைட்டில் உண்டா, எழுத்தைப் பெரிதாக்கலாமா, ஆறடி தள்ளி உட்கார்ந்து டிவியில் படிக்க முடிகிறதா, உரையாடல் தானாக ஓடிவிடுகிறதா, நாம் பட்டனை அழுத்தும்வரை நிற்கிறதா? இதை நீங்கள் எழுதினால் வேறு யாரும் தராத ஒன்றைத் தருகிறீர்கள்.

நாங்கள் கேட்பவை இவை. ஐந்து தலைப்புச் சராசரியைக் கைவிடுங்கள். மதிப்பெண் போடுவதானால் அந்த வகையை வழக்கமாக ஆடும் ஒருவர் போடட்டும், பக்கத்தில் அந்த வகையை ஆடாத இன்னொருவரின் மதிப்பெண்ணும் தனியாக இருக்கட்டும். இரண்டையும் கூட்டி வகுக்க வேண்டாம். ஒன்று முதல் பத்து வரை ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று ஒரு நிரந்தரப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு விமர்சனத்தின் தலைப்பிலும் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு எண், எத்தனை மணி நேரம் ஆடியது, முடித்ததா இல்லையா, பிரதி எப்படி வந்தது, வெளியீட்டு நாளில் இந்திய விலை என்ன என்ற ஆறும் இருக்க வேண்டும். பிசிக்கும் கன்சோலுக்கும் தனித்தனி மதிப்பெண். ஒன்றில் மட்டும் ஆடியிருந்தால் அதற்கு மட்டும் மதிப்பெண்.

ஆன்லைனை நம்பிய கேம்களுக்கு வெளியீட்டுக்குப் பின் குறைந்தது பத்து நாளாவது பொதுச் சர்வரில் ஆடிவிட்டு மதிப்பெண் போடுங்கள். அதுவரை எண்ணில்லாமல் எழுதுங்கள். கடையோ கட்டணமோ பிறகு சேர்ந்தால், பெரிய அப்டேட் வந்தால், பழைய விமர்சனத்தின் மேலே தேதியோடு ஒரு குறிப்பும், தேவையானால் புதிய எண்ணும் போடுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் அடித்துக் காட்டுங்கள். கடந்த ஓராண்டில் கருவி குறிப்பிடாமல் வெளியிட்ட விமர்சனங்களில் இந்த விவரங்களை இப்போதே சேருங்கள். உங்களிடம் பதிவு இருக்கும். எந்த விமர்சனத்துக்கு அந்தப் பதிவு இல்லையோ அதன் மதிப்பெண்ணை நீக்கிவிடுங்கள். அடுத்த பெரிய வெளியீட்டுக்கு முன்பு, இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று உங்கள் பக்கத்திலேயே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் கேம் ஆடும் தமிழர்கள் சிலர்